மூக்கன் போன இடம்

அந்த அம்மா கதவைத் திறந்தபோது என் கையில் ஒரு பழைய லாரியின் புகைப்படம் இருந்தது. முகம் நிறையச் சிரிப்பும் இருந்தது. புகைப்படத்தைக் கொண்டு போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சிரிப்போடு போயிருக்க வேண்டாம் என்று மட்டும் இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் ஆவடியில், ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். தொழிற்சாலையிலிருந்து டாங்கியை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் வெளியே வரும் நாட்களில் தெருவே ஓடிப்போய்ப் பார்க்கும். மற்றவர்கள் டாங்கியைப் பார்ப்பார்கள். நான் அதைச் சுமந்துபோகிற வண்டியைப் பார்ப்பேன். எத்தனை சக்கரம், முன்பக்கம் எப்படி, திரும்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதெல்லாம்தான் எனக்கு முக்கியம். அந்தப் பைத்தியம் வயதாகியும் தெளியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் சிறிய வீடு. நானும் மனைவியும் மட்டும். கையில் போன், பொழுது நிறைய. அப்போதுதான் இணையத்தில் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன்.

உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. இங்கிலாந்தில் எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி, மிகப் பெரிய பாரங்களை இழுப்பதற்கென்றே சில வண்டிகள் செய்தது. மொத்தமே கொஞ்சம்தான். நம் ஊரில் அந்த வகை வண்டியைப் புல்லர் என்பார்கள். பாரம் பின்னால் டிரெய்லரில் இருக்கும், இது முன்னால் நின்று இழுக்கும். அந்த வண்டிகள் ஒவ்வொன்றும் யாரிடம் போனது, எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது, கடைசியில் என்ன ஆனது என்று தேடுவதுதான் குழுவின் வேலை. ஒன்று ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துக்குப் போயிருக்கும். ஒன்று ஆப்பிரிக்காவில் மரம் இழுத்திருக்கும். யாராவது ஒருவர் எங்கோ காட்டுக்குள் துருப்பிடித்த ஒரு முன்பக்கத்தைக் கண்டுபிடித்துப் படம் போட்டால் போதும், அன்று முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். குழுவின் இணையப் பக்கத்தில் இந்தியாவுக்கு வந்த வண்டிகளுக்கு நேரே மட்டும் பெரும்பாலும் கேள்விக்குறிதான்.

"ஊர்ல உள்ளவங்க ரிட்டயர் ஆனா கோயில் குளம்னு போறாங்க. நீங்க செத்துப்போன லாரிக்குக் காரியம் பண்ணிட்டிருக்கீங்க" என்பாள் மனைவி.

அந்தக் குழுவில் ஒரு நாள் வடக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் எழுதினார். மெட்ராஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அவருடைய அப்பா அந்தப் புல்லர்களில் ஒன்றைப் புதிதாக வந்த நாளிலிருந்து ஓட்டியவர். வண்டி பழசானதும், இங்கே ஏதோ மின் நிலைய வேலைக்காக மெட்ராஸுக்கு விற்றுவிட்டார்களாம். கப்பலில் ஏற்றுவதற்காகத் துறைமுகம் வரை அப்பாவே ஓட்டிப்போய் விட்டுவிட்டு, ரயிலில் வீடு திரும்பி, இரண்டு நாள் யாருடனும் பேசவில்லையாம். "அவள் எங்கே போய் முடிந்தாள் என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். அவர்கள் வண்டியை 'அவள்' என்றுதான் சொல்கிறார்கள்.

நான் பதில் போட்டேன். அடுத்த நாளே புகைப்படம் அனுப்பினார். கறுப்பு வெள்ளை. மழை பெய்து நனைந்த ஒரு மேட்டுச் சாலை. நீண்ட முன்பக்கத்தோடு அந்த வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் கையை ஊன்றியபடி அவருடைய அப்பா. பின் சக்கரத்தை ஒட்டித் தொப்பி போட்ட ஒருவர், கையில் பெரிய மரக்கட்டையோடு நடந்துவருகிறார். வண்டி மேட்டில் நின்றுவிட்டால் பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். நம் ஊர் மலைப்பாதைகளிலும் அப்படி ஆட்கள் நடந்திருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் ஒரே வேலை, ஒரே கட்டை என்று நினைத்தபோது எனக்கு அப்படி ஒரு குஷி. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன்.

தேடுவதற்கு எனக்கு ஒரு துணை கிடைத்தார். அம்பத்தூர் ரோட்டில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவர். அயனம்பாக்கத்தில் பரம்பரையாகப் பயிர் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் ஃபிளாட் ஆன பிறகு டெஸ்டரும் கையுமாக இந்த வேலைக்கு வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பூந்தமல்லி, சென்னீர்குப்பம் வட்டாரத்தில் அவர் கைபடாத லாரி கிடையாது. படத்தை அவரிடம் காட்டியதும் கண் விரிந்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே இது, மூக்கு மட்டும் ஒரு ஊடு நீளம் கீது!"

"இது நம்ம பக்கம் எங்கயோ ஓடியிருக்கு. எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டுபுட்ச்சி?"

"கண்டுபிடிச்சு அந்தப் பெரியவருக்குச் சொல்லணும்."

"அவ்ளோதானா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, ஞாயித்துக்கெழம கடை லீவுதான். ஒரு ரவுண்டு போலாம் வா."

ஒரு ரவுண்டு என்று சொன்னது பல மாதம் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். டயர் கடைகள், பழைய இரும்புக் கடைகள், பட்டறைகள் என்று புகைப்படத்தைக் காட்டிக்கொண்டே போவோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வெயிலில் கரும்புச்சாறு, பூந்தமல்லியில் பிரியாணி, வழியெல்லாம் அவருடைய பேச்சு. இங்கிலாந்துப் பெரியவருக்கு வாராவாரம் எழுதுவேன். இன்று கிடைக்கவில்லை என்று எழுதினாலும் அவர் நீளமாகப் பதில் போடுவார். அப்பா வண்டிக்குள் தேநீர் போட வைத்திருந்த கெட்டில், பனிக்காலத்தில் எஞ்சினை எழுப்ப அவர் படும் பாடு, இப்படி ஒவ்வொரு வாரமும் ஒன்று.

கடைசியில் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு டீக்கடையில் விஷயம் கிடைத்தது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். படத்தை வாங்கிப் பார்த்தவர், டீ ஆற்றிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினார்.

"அட, மூக்கன்!"

"மூக்கனா?"

"ஆமா நைனா. இந்த வண்டிக்கு இங்க அதான் பேரு. தோ, கல்யாண மண்டபம் கீது பாரு, அங்கதான் டிரான்ஸ்போர்ட்டுக்காரர் ஷெட்டு இருந்திச்சி. வருசக்கணக்கா அங்கதான் நின்னுகினு இருந்தான்."

"இப்ப எங்க இருக்கு? வித்துட்டாங்களா?"

"அதெல்லாம் எனுக்கு செரியா தெர்ல. மொதலாளியும் போய்ட்டாரு. மூக்கனப் பத்திக் கேக்கணும்னா அந்தம்மாவத்தான் கேக்கணும். பின்னாடி தெருவுல, தண்ணி டேங்குக்கு எதுத்தாப்ல ஊடு. ஆனா ஒண்ணு..."

ஒரு வேன் நிறைய ஆட்கள் டீக்கு வந்து இறங்கினார்கள். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்தம்மா என்றால் முதலாளியின் மனைவி என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒயரிங்காரர், "இரு அண்ணாத்தே, அவுரு இன்னாவோ சொல்ல வந்தாரு" என்றார். "அங்க போய்க் கேட்டுக்கலாம், வாங்க" என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீடு ஓட்டு வீடு. வாசலில் தைத்த சட்டைகள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து வாங்கிவந்து, நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுக்கும் வேலை அந்தப் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. கையில் சின்னக் கத்தரி. முதலாளியின் மனைவி மாதிரி தெரியவில்லை. அப்போதாவது நான் நிதானித்திருக்கலாம்.

"அம்மா, ஒரு சந்தோஷமான விஷயமா வந்திருக்கோம். இது யாருன்னு தெரியுதா பாருங்க" என்று சிரித்துக்கொண்டே படத்தை நீட்டினேன்.

அவர் கத்தரியைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கன்" என்றார்.

"அதேதான்! இங்கிலாந்துல எடுத்த படம்மா. இங்க வர்றதுக்கு முன்னாடி. இந்த வண்டியைத் தேடி ஒருத்தர் அங்கேயிருந்து எழுதறாரு."

அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. பின் சக்கரத்தின் பக்கம் நடந்துவரும் ஆளின்மேல் விரலை வைத்தார். "இது யாரு?"

"கட்டை போடுறவரும்மா."

"அந்த ஊர்லயும் கட்டை போடுவாங்களா?"

"ஆமாம்மா. நம்ம ஊர் மாதிரியேதான்."

"எங்க ஊட்டுக்காரரும் அந்த வேலதான் செஞ்சாரு. மூக்கனுக்கு."

நான் துள்ளாத குறை. "அப்படியா! ரொம்ப நல்லதாப் போச்சு. அவர் இருக்காரா? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

ஒயரிங்காரர் என் முழங்கையைப் பிடித்தார். அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது.

அந்த அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இதான் அவுரு மேல ஏறிச்சி."

எங்களை அவர் வெளியே போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "உனுக்கு இன்னா தெரியும்" என்று மட்டும் சொன்னார். பிறகு நாங்கள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு மேடு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பாரம். மழைக்காலம். வண்டி பாதி மேட்டில் திணறி நின்றுவிட்டது. வழக்கம் போல அவர் ஓடிப்போய்க் கட்டையைப் போட்டார். ஈரத்தில் கட்டை வழுக்கியது. அதை இன்னொரு முறை உள்ளே தள்ளக் குனிந்தார். அவ்வளவுதான். உடலை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது மறுநாள் சாயங்காலம்.

"அப்பால எந்த டிரைவரும் மூக்கன் மேல ஏற மாட்டேன்னுட்டாங்க. சும்மாவே நிக்கட்டும்னு மொதலாளி ஷெட்டு மூலைல நிறுத்திட்டாரு. எனுக்கு வேல ஒண்ணு குடுக்கணும் இல்ல? ஷெட்டுல டிரைவருங்களுக்கு சமைக்கச் சொன்னாரு. வேற எங்க போறது? போனேன்."

"அதே ஷெட்டுலயா?" என்றார் ஒயரிங்காரர்.

"அதே ஷெட்டுலதான். அடுப்புக்கு நேரா அவன் மூஞ்சி. தெனம் அத்தப் பாத்துகினுதான் ஒல வெச்சேன். மொதல்ல எரிச்சலா இருந்திச்சி. கல்லால கூட அடிச்சிகீறேன், கண்ணாடி ஒடஞ்சிச்சி. அப்பால பழகிப்போச்சி."

வண்டி கடைசியில் என்ன ஆனது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். முதலாளி இறந்த பிறகு பிள்ளைகள் ஷெட்டு இடத்தை விற்றார்கள். கேஸ் கட்டிங் ஆட்கள் வந்து வண்டியை அங்கேயே துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வேலை முடியும்வரை இவர் அங்கேயே நின்று பார்த்திருக்கிறார்.

"ஒழிஞ்சான்னு சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன் சார். இல்ல. அது கீற வரைக்கும் அவுரு கடசியா தொட்ட பொருள்னு ஒண்ணு இருந்திச்சி. போனப்பறம் அதுவும் இல்லாமப் போச்சி."

படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் உளறினேன். "எனுக்கு எதுக்கு?" என்று என் கையில் வைத்துவிட்டார்.

வெளியே வந்து ஒயரிங்காரர் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். டீக்கடை தாண்டும்போது, "டீக்கடைக்காரரு இத்தத்தான் சொல்ல வந்திருப்பாரு அண்ணாத்தே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் இன்னும் உறைத்தது.

அந்த வாரம் இங்கிலாந்துப் பெரியவருக்கு நான் எழுதவில்லை. அடுத்த வாரமும் இல்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டு அவர் இரண்டு முறை எழுதினார். நான் அவருக்கு என்ன எழுதுவது? உங்கள் அப்பா ஆசையாக வைத்திருந்த வண்டி இங்கே ஒரு ஆளைக் கொன்றுவிட்டது என்றா? வெட்டிவிட்டார்கள் என்று மட்டும் எழுதி முடித்துவிடலாமா என்று பார்த்தேன். மனைவிதான், "எழுத வேண்டாம், போன்ல சொல்லுங்க. இதெல்லாம் குரல்ல சொல்ற விஷயம்" என்றாள். ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவரைக் கூப்பிட்டேன். என் ஆங்கிலம் ஸ்டோர்ஸ் ஆங்கிலம். பொருள் வந்தது, பொருள் போனது என்பதற்கு மேல் அதிகம் பழக்கமில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று மனைவியைப் பார்த்தேன். பிறகு அவர் பேசினார். மேட்டில் பாரத்தோடு நின்றால் அந்த வண்டியின் பிரேக் மட்டும் போதாது என்பது அப்பாவுக்குத் தெரியுமாம். அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம், கட்டை போடுகிறவன் இல்லாவிட்டால் நான் இல்லை என்று. படத்தில் நடந்து வருகிற அந்தத் தொப்பிக்காரர்தான் பெரியவருக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவராம். "நாங்கள் எல்லோரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நடந்த மனிதரை யாரும் கேட்கவில்லை" என்றார். பிறகு கேட்டார்:

"அவர் பெயர் என்ன?"

அந்த வீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும், அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவில்லை. வண்டியின் முன் தகட்டில் அடித்திருக்கும் நம்பர் எனக்கு மனப்பாடம்.

மறுபடியும் சென்னீர்குப்பம் போனேன். இந்த முறை தனியாக, கையில் படம் இல்லாமல். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். அந்தக் குழுவினர் வண்டிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பக்கத்தில், இந்த வண்டிக்குக் கீழே உங்கள் வீட்டுக்காரர் பெயரையும் போட வேண்டும் என்று வெள்ளைக்காரப் பெரியவர் ஆசைப்படுகிறார் என்றேன்.

"அதுல இன்னா இன்னா போட்டுகீது?"

"வண்டி செஞ்ச வருஷம், நம்பர், யார் யார் வாங்கினாங்க, எல்லாம் இருக்கு."

"வண்டி நம்பரு கூட கீதா?"

"இருக்கும்மா."

ஒரு சட்டையின் காலரைச் சுற்றி வெட்டி முடித்து, அதை மடித்து வைத்தார். பிறகு கணவரின் பெயரைச் சொன்னார். அவருடைய அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னார். "தப்பில்லாம போடச் சொல்லு" என்றார். அந்தப் பெயரை இங்கே எழுத நான் அவரிடம் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.

இங்கிலாந்துப் பெரியவர் சொன்னபடியே செய்தார். வண்டியின் விவரங்களுக்குக் கீழே, மெட்ராஸிலிருந்து பெங்களூர் போகும் வழியில் இந்த வண்டிக்குக் கட்டை போடும்போது இறந்தவர் இவர் என்று ஒரு வரி. பெயரைத் தமிழிலும் போட வேண்டும் என்று பிடிவாதமாக என்னிடம் கேட்டு வாங்கிப் போட்டார். நான் மூன்றாவது தடவை போய் அதைப் போனில் அந்த அம்மாவுக்குக் காட்டினேன். சுற்றிலும் ஆங்கிலம், நடுவில் அந்த ஒரு வரியில் மட்டும் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தார். அதன்மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் பக்கம் மேலே ஓடிவிட்டது. பதறிப்போய்க் கையை எடுத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் அயிச்சிடல இல்ல?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, மறுபடியும் பெயரைக் கொண்டுவந்து காட்டினேன். இந்த முறை தொடாமல் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். சில நாள் டீ கொடுப்பார். சில நாள் வேலை அவசரம் என்று தலையாட்டி அனுப்பிவிடுவார். எப்போதாவது, "அதுல பேரு கீதா இன்னும்?" என்று கேட்பார். போனைத் திறந்து காட்டுவேன். கூடவே ஒரு தடவை, "அந்த வெள்ளக்காரரு நல்லா கீறாரா?" என்றும் கேட்டார். அவருக்குக் கால்வலி என்று சொன்னேன். "எனுக்குந்தான்" என்றார்.

போன குளிர்காலத்தில் இங்கிலாந்துப் பெரியவர் இறந்துபோனார். குழுவில் யாரோ செய்தி போட்டிருந்தார்கள். நிறையப் பேர் அஞ்சலி எழுதினார்கள்; பழைய வண்டிகளின் படங்களைப் போட்டார்கள். நானும் ஏதோ எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அந்த இணையப் பக்கத்தை இளைஞர்கள் சிலர் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். புதிதாக, அழகாக, கட்டம் கட்டமாக அமைத்தார்கள். வண்டி நம்பரைப் போட்டால் உடனே விவரம் வந்துவிடும். எனக்கும் முதலில் மகிழ்ச்சிதான். நம் வண்டியின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். செய்த வருஷம், வாங்கியவர்கள், கடைசிக் கட்டத்தில் 'உடைக்கப்பட்டது, மெட்ராஸ்'. அதோடு சரி. அந்த வரி இல்லை.

தவறுதலாக விட்டிருப்பார்கள் என்று நினைத்து எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. புதிய அமைப்பில் வண்டிகளைப் பற்றிய விவரங்கள் மட்டும்தான் வருகின்றனவாம். மனிதர்களைப் பற்றியவை, அதிலும் உறுதிப்படுத்த முடியாதவை, எந்த வண்டிக்குமே சேர்க்கப்படவில்லையாம். என் வருத்தம் அவர்களுக்குப் புரிகிறதாம். நான் திரும்பவும் எழுதினேன். இறந்தவரின் குடும்பத்தை எனக்குத் தெரியும், இது வண்டியைப் பற்றிய விவரமும்தான் என்றேன். ஏதாவது சான்று இருந்தால் அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள். உங்கள் புருஷன் செத்ததற்குச் சான்று கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் போய் நிற்க என்னால் முடியாது. பழைய பக்கத்தை அப்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் படம் எடுக்கிறவன், அதை எடுக்கவில்லை. எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அம்மா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒயரிங்காரர் கூட வருகிறேன் என்றார். இரண்டு பேருமாகப் போனோம். முதலில் பெரியவர் இறந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கத்தரியைக் கீழே வைத்தார்.

"அய்யய்யோ. கால்வலின்னுதானே சொன்ன?"

"திடீர்னு ஆயிடுச்சும்மா."

"அவுரு பேரு இன்னா?"

சொன்னேன். அவர் வாயில் அது சரியாக நுழையவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தார். ஒயரிங்காரர் திருத்தப் போய், அவருக்கும் வரவில்லை. மூவரும் கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு மற்றதைச் சொன்னேன். பக்கம் மாறிவிட்டது, பெயரை எடுத்துவிட்டார்கள், கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சட்டையின் கைப்பட்டியைத் திருப்பித் திருப்பி, இல்லாத பிசிறைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வண்டி நம்பரு?"

"அது இருக்கும்மா."

"ம்" என்றார். ஒயரிங்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அந்த அம்மா அடுத்த சட்டையை மூட்டையிலிருந்து உருவினார். நாங்கள் எழுந்து கிளம்பியபோது, மழை வருகிற மாதிரி இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார்.

நான் அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறேன். விலகிவிடு என்று மனைவி சொல்கிறாள். போன வாரம் யாரோ ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் இன்னொரு வண்டியின் முன்பக்கத்தைக் கண்டுபிடித்துப் படம் போட்டிருந்தார்கள். கைதட்டல் குறிகள் மளமளவென்று வந்து விழுந்தன. அந்த வண்டியோடு அங்கே வேலை செய்தவர்கள் யார் என்று தெரியுமா என்று கேட்டேன். படம் போட்டவர் நல்ல மனிதர், உடனே பதில் எழுதினார். உள்ளூர் ஆட்களாக இருக்கும், எஞ்சின் நம்பர் கிடைத்திருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றார்.